சமையக்காரர் வந்துச்சு!

தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது ஸ்வாஹிலி இலக்கணம் பத்தின பதிவு. ஓடிடாதீங்க மக்களே, நடுவுல தொல்காப்பியமும் வரும் :-)

2014-ல வேலை விஷயமா தான்சானியா போய், தார் எஸ் சலாம்ல ரெண்டு வருஷம் இருந்தேன். நாங்க நாலு பேர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸ்ல சமையலுக்கு ஒரு பெரியவர். அறுபது வயசு இருக்கும். எல்லாரும் 'ம்ஸே'ன்னுதான் கூப்பிடுவாங்க. நம்ம ஊர் 'பெரியவரே' மாதிரி. போன முதல் வாரமே எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் எனக்கு ஸ்வாஹிலியை மொத்தமா சொல்லிக் கொடுத்துட்டார்.

"தம்பி, இலக்கணமெல்லாம் பாக்காத. எதுவா இருந்தாலும் வினைச்சொல்லுக்கு முன்னாடி ஒரு 'இ' போட்டுக்க. இமேகுஜான்னா வந்தாச்சு. அவங்களுக்குப் புரிஞ்சிடும்."

பத்து வருஷமா அதை வெச்சே ஓட்டினவர் அவர். நானும் ஓட்டினேன். ஒருநாள் டிரைவர்கிட்ட "ம்பிஷி இமேகுஜா"ன்னேன். சமையக்காரர் வந்தாச்சுன்னு சொன்னதா என் நினைப்பு. பின்னாடியே நின்னுட்டிருந்த ம்ஸே கோவப்படலை. நிதானமா சொன்னார்: "பருவா இமேகுஜா. ம்பிஷி அமேகுஜா."

பருவான்னா கடுதாசி. கடுதாசிக்கு 'இ', சமையக்காரருக்கு 'அ'. கடுதாசி வந்தது, சமையக்காரர் வந்தார். அப்பதான் சுரீர்னு உறைச்சது. இத்தனை நாளா அந்த மனுஷனை வந்துச்சு போச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கு முன்னாடி நான் முயற்சியே பண்ணலைன்னு இல்ல. ஆங்கிலத்துல எழுதின ஒரு பாடப்புத்தகம் வாங்கி, பெயர்ச்சொல் வகுப்பு அட்டவணையைப் பார்த்ததும் மூடி வெச்சவன். ம்/வா, ம்/மி, ஜி/மா, கி/வின்னு ஜோடி ஜோடியா ஒருமை பன்மை முன்னொட்டு. 1-லேருந்து 18 வரைக்கும் நம்பர் வேற. அதுலயும் 12, 13 காணோம்! காரணம் அப்புறம்தான் தெரிஞ்சுது. வில்ஹெல்ம் ப்ளீக்னு ஒரு ஜெர்மன் அறிஞர் 19-ம் நூற்றாண்டுல பாண்டு மொழிகள் எல்லாத்துக்கும் பொதுவா ஆரம்பிச்ச நம்பர் வரிசை அது. ஸ்வாஹிலியில சில வகுப்பு தொலைஞ்சு போச்சு. தெருவுல நடு வீட்டை இடிச்சாலும் மத்த வீட்டுக் கதவு எண் மாறாதுல்ல, அந்தக் கதைதான்.

இங்கதான் என் கருத்து. அந்த அட்டவணை யாருக்காக எழுதினது? ஹீ கேம், ஷீ கேம், இட் கேம்னு எல்லாத்துக்கும் ஒரே வினையை வெச்சிருக்கிறவங்களுக்கு. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தனன்னு அஞ்சு விதமா முடிக்கிற நாம ஏன் அதைப் பார்த்து மிரளணும்? நாம கடைசியில ஒட்டுறதை அவங்க முன்னாடி ஒட்டுறாங்க. உயர்திணை, அஃறிணைன்னு நாம ரெண்டாப் பிரிச்சதை அவங்க இன்னும் சில கூறு போட்டிருக்காங்க. அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்துல நம்ம தொல்காப்பியர் கணக்கு உதைக்கும். அவர் மனுஷங்களை மட்டும் உயர்திணையில வெச்சார். ஸ்வாஹிலியில உயிருள்ள பிராணி எல்லாத்துக்கும் 'அ'தான். ம்ப்வா (நாய்) அமேகுஜா. சிம்பாவுக்கும் (சிங்கம், ஆமா, லயன் கிங் சிம்பாவேதான்) அதே 'அ'. கிபோஃபுன்னா பார்வையில்லாதவர். சொல் 'கி'ன்னு பொருள் மாதிரி ஆரம்பிச்சாலும் வினை 'அ'தான் எடுக்கும். சொல்லோட உருவம் என்ன சொன்னாலும் ஆள் ஆள்தான்!

மீதியை ம்ஸே சமையக்கட்டுலயே முடிச்சுட்டார். அட்டவணை எல்லாம் கிடையாது. பாத்திரம்தான் பாடம். கப் (கிகோம்பே) உடைஞ்சா கிமேவுஞ்ஜிகா. பாட்டில் (சுப்பா) உடைஞ்சா இமேவுஞ்ஜிகா. முட்டை (யாய்) உடைஞ்சா லிமேவுஞ்ஜிகா, பல முட்டைன்னா (மயாய்) யமேவுஞ்ஜிகா. நமக்கு எல்லாமே 'உடைஞ்சு போச்சு'தான். அங்க உள்ளேயிருந்து யாராவது "லிமேவுஞ்ஜிகா!"ன்னு கத்தினா, கப்பும் இல்ல பாட்டிலும் இல்ல, முட்டைதான் போச்சுன்னு ஹால்ல இருந்தே தெரிஞ்சுக்கலாம். சும்மா சுமையா இதைத் தூக்கிட்டுத் திரியலை அவங்க. 'வந்தாள்'னு மட்டும் சொல்லி நாம எழுவாயை விட்டுடறோமே, அதே வசதி.

காதுக்கும் சுகம். 'என்னோட ரெண்டு நல்ல கப்பும் உடைஞ்சுடுச்சு'ங்கிறதை இப்படிச் சொல்லணும்: விகோம்பே வ்யாங்கு விஸூரி விவிலி விமேவுஞ்ஜிகா. கப் உடைஞ்சதுக்கே இவ்வளவு மோனை!

கடன் சொல்லையும் விடலை. அரபியோட கிதாப் அங்க கிட்டாபு ஆச்சு. (நம்ம ஊர் முஸ்லிம் வீடுகள்ல புழங்குற கிதாபு இதே சொல்தான்.) முதல் எழுத்து 'கி'யா இருக்கவும், நம்ம வகுப்புதான்னு சேர்த்துக்கிட்டு பன்மைக்கு விட்டாபுன்னுட்டாங்க!

அதனால கத்துக்க நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். அட்டவணையை மனப்பாடம் பண்ணாதீங்க. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஒரு வினையோட, பன்மையோட ஜோடியாப் பழகுங்க. வகுப்பு தானா படியும்.

"இதெல்லாம் இல்லாமலே புரியுதே"ன்னு அண்ணன் கடைசி வரைக்கும் சொன்னார். புரியும், மறுக்கலை. நம்ம ஹோட்டல்ல வேலை பார்க்குற வடநாட்டுப் பையன் "அக்கா வந்தான்"னு சொன்னாலும் நமக்குப் புரியுது. ஆனா அவன் கத்துக்கிட்டு வர்றவன். நாளைக்குத் திருத்திக்குவான். பத்து வருஷம் ஒருத்தர் கையால சாப்பிட்டுட்டு, அவரைக் கடுதாசிக் கணக்குல வெச்சுப் பேசறதை அந்தப் பையனோட சேர்க்க முடியுமா? கிராமத்துல 'பொண்ணு வந்துச்சு'ன்னு பாசமா சொல்றோமேன்னு சிலர் கேக்கலாம். நம்ம வீட்டுப் பொண்ணுன்னா சரி. முன்னப்பின்ன தெரியாத பெரியவரை அப்படிச் சொல்லுவோமா?

ஸ்வாஹிலியில ம்ட்டுன்னா மனுஷன். முன்னாடி இருக்கிற 'ம்'மை எடுத்துட்டு 'கி' போட்டா கிட்டு, அதாவது பொருள். 'உ' போட்டா உட்டு, மனுஷத்தன்மை. வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. அதைச் சரியாச் சொல்ல எனக்கு நாலு மாசம் ஆச்சு. ம்ஸே அந்த நாலு மாசமும் சலிக்காமத் திருத்தினார்.

நீங்க வேற மொழி பேசுற ஊர்ல இருக்கிறவங்களா? வீட்டு வேலைக்கு வர்றவங்ககிட்ட எந்த 'வந்துச்சு'வைப் புழங்குறீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. பின்னூட்டத்துலயும் சொல்லுங்க.

டிஸ்கி: ஸ்வாஹிலி உச்சரிப்பைத் தமிழ்ல எழுதினதுல பிழை இருந்தா அது என் தப்பு, ம்ஸே மேல பழி வேண்டாம் :-)