கணினியை மாற்றுமுன் கேளுங்கள்



வந்தாறுமூலையில் நான் சந்திக்கும் பெண்கள் சிலர், பழைய கணினியில் தட்டச்சு செய்து, பிரதி எடுத்துக் கொடுத்துத்தான் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார்கள். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால், "புதியதைப் போடட்டுமா?" என்று கடைகளில் கேட்கிறார்கள். உடனே தலையாட்ட வேண்டாம்.

பிரிண்டரையும் கணினியையும் பேசவைக்கும் சிறு மென்பொருள்தான் ட்ரைவர். பழைய இயங்குதளத்தின் ட்ரைவர் புதியதற்குப் பொருந்தாவிட்டால் பிரிண்டர் வேலை செய்யாது. அன்றைய உழைப்பும் போய்விடும்.

முதலில், காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளின் படங்கள், மனுக்கள், காணிப் பத்திரங்களின் பிரதிகள் யாவற்றையும் இரண்டு பென் ட்ரைவ்களில் எடுத்து வையுங்கள். கணினி, பிரிண்டர் இரண்டினதும் மொடல் இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புதிய இயங்குதளத்துக்கு ட்ரைவர் உண்டா என்று பாருங்கள். இணைய இணைப்புக்கான ட்ரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அது இல்லாமல் மற்றவற்றை இறக்க முடியாமல் போகலாம். "எல்லா ட்ரைவரையும் புதுப்பிப்போம்" என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். ஒழுங்காக வேலை செய்யும் ட்ரைவரைக் காரணமின்றி மாற்றவும் தேவையில்லை.

விண்டோஸ் 11 க்கு ஆகக் குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் இலவசம். பென் ட்ரைவிலிருந்தே இயக்கி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியலாம்.

எதைப் போட்டாலும், ஒரு பக்கம் அச்சாகி வருவதைக் கண்ணால் கண்ட பிறகே கூலியைக் கொடுங்கள்.