கதவு வரைக்கும் கூட வர்றீங்களா பாஸ்?

செமஸ்டர் ரிசல்ட் வந்த ராத்திரி எந்த ஹாஸ்டலிலும் ரெண்டு கோஷ்டி இருக்கும். பாஸ் ஆனதுக்குக் குடிக்கிற கோஷ்டி, அரியர் விழுந்ததுக்குக் குடிக்கிற கோஷ்டி. இந்த வாரம் அவங்களைப் பத்தி இல்லை. ரிசல்ட்டும் இல்லாத, பர்த்டேவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, கை நடுக்கம் நிக்கணுமேன்னு ஒரு கட்டிங்குக்கு அலையுறானே ஒருத்தன்... அவனைப் பத்தி. அவன் உங்க ரூம்மேட்டா இருக்கலாம். நீங்களாவே இருக்கலாம் (கேர்ள்ஸ், உங்களையும் சேர்த்துத்தான்!). சில பேருக்கு அது ஊர்ல இருக்கிற அப்பா.

'நிறுத்தணும்டா'னு அவனே ஒருநாள் சொல்வான். 'மனசு வெச்சா முடியும் மச்சி'னு அப்போ தோளைத் தட்டிட்டுப் போயிடறோம். அவன் மனசு வெச்சு வெச்சுத்தானே இந்த நிலைமைக்கு வந்திருக்கான்! அன்னிக்கு நம்ம கையில் ஓர் அட்ரஸும் டைமும் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்?

அந்த அட்ரஸ், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங். சுருக்கமா ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில், குடியால் நொந்துபோன ஒரு பங்குச்சந்தை ஆசாமியும் ஒரு டாக்டரும் உட்கார்ந்து பேசினதில் ஆரம்பிச்ச விஷயம். குடிச்சவன் கஷ்டம் குடிச்சவனுக்குத்தான் புரியும் என்பதுதான் மொத்த டெக்னாலஜியும். 1957-லேயே இந்தியாவுக்கும் வந்தாச்சு. தமிழில் இவங்க 'குடிநோய்'னு சொல்றாங்க. 'குடிகாரன்'ங்கிற வார்த்தையில விழுற அடி இதில் இல்லை, கவனிச்சீங்களா?

கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்லை. ஏ.ஏ. இந்தியாவோட லிஸ்ட்டில் ஊர் பேரைப் போட்டுத் தேடலாம். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, கிழமையும் நேரமும் மாறலையேன்னு கேட்டுக்குங்க. தைரியத்தை எல்லாம் திரட்டிக்கிட்டு ஒருத்தன் வந்து நிக்கும்போது ஹால் பூட்டியிருந்தா, அவன் நேரா எங்கே போவான்னு நான் சொல்லணுமா? பெரும்பாலும் சர்ச் ஹால், ஸ்கூல் கிளாஸ்ரூம் மாதிரி இடங்கள்தான். பெரிய போர்டு எல்லாம் எதிர்பார்க்காதீங்க. சர்ச்ல நடக்கிறதால மத மீட்டிங்னு நினைச்சுடவும் வேண்டாம். கடவுள் பேச்சு வரும், ஆனா எந்தக் கடவுள்ங்கிறது அவங்கவங்க இஷ்டம்.

மீட்டிங்கில் ரெண்டு வகை. 'ஓப்பன்' மீட்டிங்குக்கு யார் வேணும்னாலும் போகலாம். 'க்ளோஸ்டு' மீட்டிங் குடியை விடணும்னு நினைக்கிறவங்களுக்கு மட்டும். அதனால முதல் தடவைக்கு ஓப்பன் மீட்டிங்கா பாருங்க. நீங்களும் பக்கத்துல உட்காரலாமே!

இந்தக் காலத்துக்காக நானும் ஒரு ஓப்பன் மீட்டிங்குக்குப் போனேன். முழுப் பேரைக் கேட்கலை, காலேஜ் பேரைக் கேட்கலை. 'டீ சாப்பிடுறீங்களா தம்பி?'னு மட்டும் கேட்டாங்க. ஃபீஸ் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்களே முடிஞ்சதைப் போடுறாங்க. அங்கே கேட்டது எதையும் இங்கே எழுத மாட்டேன், அதுதான் அங்கே ரூல். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்... நான் பார்த்தவங்களில் முக்கால்வாசிப் பேர் நம்ம அப்பா வயசு. 'இது அங்கிள்ஸ் மேட்டர்'னு உங்க ஃப்ரெண்ட் எழுந்து வந்துடலாம். முதல் மீட்டிங் செட் ஆகலைன்னா இன்னொரு ஏரியா குரூப்பை ட்ரை பண்ணச் சொல்லுங்க. ஆன்லைன் மீட்டிங்கும் இருக்கு.

'வேலைக்காகுமா?'னு கேட்கிற இன்ஜினீயரிங் மூளைக்கு டேட்டா: 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை அலசிப் பார்த்தது. குடியைத் தொடர்ந்து தொடாமல் இருக்கிற விஷயத்தில், ஏ.ஏ.வோடு சேர்த்துவிடுற சிகிச்சை மத்த சிகிச்சைகளைவிட ஒரு படி மேலேயே இருந்தது. அதுக்காக எல்லோருக்கும் பலிக்கும்னு அர்த்தம் இல்லை.

இப்போ சீரியஸா ஒண்ணு. தினமும் குடிக்கிறவன், காலையில கை நடுங்குறவன் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ரூமில் பூட்டி வெச்சுக் காவல் காக்கிற ஹீரோயிசம் வேண்டவே வேண்டாம். முதல்ல டாக்டர், அப்புறம் மீட்டிங். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி மையம் இருக்கு. கணவரைக் குடியில் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பிச்சது. எங்கே போறதுன்னே தெரியலைன்னா போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446, மனநல உதவிக்கு 14416. ரெண்டுமே இலவசம்.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். அவரை இழுத்துக்கிட்டுப் போக முடியாது, தெரியும். ஆனா அவர் வரலைன்னாலும் நீங்க போகலாம். குடிக்கிறவங்க வீட்டு ஆட்களுக்காகவே 'அல்-அனான்'னு தனியா ஒரு குரூப் 1951-லிருந்து இருக்கு. 'நேத்து ராத்திரி வீட்டுல என்னாச்சு தெரியுமா?'னு கிளாஸ்ல யார்கிட்டயும் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். அங்கேயும் முழுப் பேர் தேவையில்லை.

மீட்டிங் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓடும். ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போன இடம் க்ளோஸ்டு மீட்டிங்கா இருந்துட்டா வெளியிலதான் நிக்கணும். ரெக்கார்டு நோட்டைக் கையில எடுத்துட்டுப் போயிடுங்க!