சுவரைத் தாண்டி வரும் "தும் தும்"
அளவுக் கருவி ஏமாறுவது ஏன்?

கல்யாண வீட்டில் பாட்டு முழங்குகிறது. நான்கு வீடு தள்ளிப் பாட்டின் சொற்கள் கேட்பதில்லை. "தும் தும்" என்ற அதிர்வு மட்டும் வருகிறது. குழந்தைகள் விழித்துக்கொள்கிறார்கள். ஏன்?

மெல்லிய, கீச்சுக் குரலைச் சுவர் தடுத்துவிடும். கனத்த ஒலியை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை.

பெரிய கூம்பு

கனத்த ஒலிக்கென்றே உள்ள ஒலிபெருக்கி "சப் ஊபர்". அதில் ஒரு கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. 10 அங்குலக் கூம்பைவிட 15 அங்குலக் கூம்பின் பரப்பு இரண்டேகால் மடங்கு. அது தள்ளும் காற்றும் அவ்வளவு அதிகம். நொடிக்கு 80 அதிர்வுள்ள ஒலியைவிட 40 அதிர்வுள்ள ஒலியை அதே பலத்தில் எழுப்ப, கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும்!

பெட்டி எதற்கு?

கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே காற்று இழுபடுகிறது. பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் கலந்து கனத்த ஒலி அடங்கிவிடும்.

பெட்டி இரண்டு வகை. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று சுருள்வில் போல வேலை செய்கிறது. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் இம்முறையில் சிறிய பெட்டியிலேயே கனத்த ஒலியை வரவழைத்தார். ஆனால் அதற்கு மின்சக்தி அதிகம் வேண்டும்.

மற்றொன்று துவாரமுள்ள பெட்டி. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் "பூம்" என்று ஒலிக்கிறதல்லவா? அதே தத்துவம்தான். குறைந்த மின்சக்தியில் அதிக முழக்கம் கிடைக்கும். ஆனால் பெட்டி பெரிதாக இருக்க வேண்டும். விழா மேடைகளில் பெரிய பெட்டிகளை அடுக்குவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம்.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. விதிகள் கூறுவது "ஏ" அளவுகோல். மனிதக் காதுக்குக் கனத்த ஒலி குறைவாகவே கேட்கும் என்ற கணக்கில், 50 அதிர்வுள்ள ஒலியில் அது சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. 80 டெசிபல் முழக்கம் 50 என்று பதிவாகும். பகல் வரம்புக்குள் அடங்கிவிடும்! அளவை மட்டும் வைத்து அண்டை வீட்டார் புகார் செய்தால் பயன் இல்லாமல் போகலாம்.

"சி" என்ற அளவுகோலும் உண்டு. அது கனத்த ஒலியை ஏறக்குறைய அப்படியே காட்டும். அதையும் விதிகளில் சேர்ப்பதே நியாயம். அதுவரை சப் ஊபரின் விசையைக் குறைப்பது பாட்டுப் போடுவோர் கையில்தான் இருக்கிறது.