வீட்டு வான்கோழியும் பண்டிகை விருந்தும்

"அக்கா, கொல்லையில வளர்த்த வான்கோழியை இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாமே சுத்தம் பண்ணிடலாமா?" எங்கள் ஓவேலித் தோட்டத்துப் பெண்கள் கேட்கிற கேள்வி இது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் சாப்பிடப்போவது நம் குழந்தைகளும்தான். கொஞ்சம் கவனம் வேண்டும், சகோதரிகளே!

சோர்ந்து, தலை தொங்கி நிற்கிற பறவை எவ்வளவு பெரிதானாலும் விருந்துக்கு ஆகாது. நல்ல பறவைக்கு முதல் நாள் இரவு தீனியை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் வையுங்கள். இரைப்பையும் குடலும் காலியாக இருந்தால் கறியில் அசுத்தம் படாது.

அறுத்து இரத்தம் முழுக்க வடிந்த பிறகே வெந்நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் வெந்து கிழிந்துவிடும். மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும். ஒரு நிமிஷம் முக்கி, இறக்கைச் சிறகை இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் போதும். குடலை எடுக்கும்போது ஈரலோடு ஒட்டிய பித்தப்பை உடையக் கூடாது. உடைந்தால் ஒரே கசப்பு! கழிவை ஆழமாகப் புதையுங்கள். சிறுத்தை நடமாடுகிற ஊரில் அதை வேலியோரம் வீசலாமா?

"குளிர்தானே, வெளியில தொங்கவிட்டா கெடாது" என்பார்கள். நம்பாதீர்கள். ஓவேலி, ஊட்டியைவிடத் தாழ்வு. டிசம்பர் பகல் வெயில் போதும், கிருமி பெருக. 4 டிகிரிக்கு மேல் போகாத பிரிட்ஜில் ஒரு நாள் வைத்தால் விறைப்பு விட்டுக் கறி மெத்தென்று ஆகும். முழுசாக உள்ளே போகாவிட்டால் துண்டு போட்டு வையுங்கள். கறி நறுக்கிய கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெங்காயம், கொத்தமல்லியைத் தொட வேண்டும்.

முழுப் பறவையாக வேகவைத்தால் நெஞ்சுக்கறி முந்திக்கொள்ளும், தொடை பிந்தும். தெர்மாமீட்டர் இருந்தால் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்துங்கள். 74 டிகிரி காட்ட வேண்டும். எலும்போரம் சிவப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வேகட்டும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள்.

பச்சைக் கோழிக்கறியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி பெரியவர்களுக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு போகலாம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அது ஆபத்து. விருந்தாளிகள் வாசலில் காத்திருந்தாலும் பரவாயில்லை, தொடை வேகிற வரை அடுப்பை அணைக்காதீர்கள்!