திட்டுவதற்கு ஓர் ஆள்

பள்ளிக்கூடக் காதல், நட்பு, அடிதடி... இந்த ரகப் படங்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. கிளைமாக்ஸில் பையன் திருந்தி, அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதால் நமக்கும் திருப்தி. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அப்படி எதுவுமே சரியாகாத ஒரு படம். 1971-ல் வந்த அமெரிக்கப் படம், 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ'.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குடும்பத்தோடு ஹாலில் உட்கார்ந்து பார்க்கிற படமில்லை. பெரியவர்கள் மட்டும் பாருங்கள். வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

1951. டெக்சாஸில் அனரீன் என்று ஒரு குட்டி ஊர். எப்போதும் புழுதிக்காற்று. ஒரு ஓட்டல், ஒரு பில்லியர்ட்ஸ் கடை, ஒரு தியேட்டர். மூன்றுக்கும் சொந்தக்காரர் சாம் என்ற பெரியவர். கதையை எழுதிய லாரி மெக்மர்ட்ரியின் சொந்த ஊரான ஆர்ச்சர் சிட்டியிலேயே படமாக்கினார் பீட்டர் போக்டனோவிச். கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொன்னவர் ஆர்சன் வெல்ஸ். தனியாகப் பின்னணி இசை கிடையாது. ரேடியோவில் என்ன பாட்டு ஓடுகிறதோ, அதுதான்.

சன்னியும் டுவேனும் பள்ளியில் கடைசி வருடம். முந்தின நாள் அமெரிக்கக் கால்பந்து மேட்ச்சில் தோற்றிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைக் குத்திக்காட்டுகிறார்கள். அந்த ஊர் ஆண்களுக்கு இந்தப் பையன்களிடம் பேச வேறு விஷயமே இல்லை! சன்னிக்கு அப்பா இருக்கிறார். ஊர் நடன விழாவில் எதிர்ப்படும்போது, பழைய அறிமுகக்காரர்கள் மாதிரி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சாம் மட்டும் வேறு. வாய் பேசாத பில்லி என்ற பையன் அவர் நிழலில் வளர்கிறான். எந்நேரமும் துடைப்பமும் கையுமாகத் தெருவைப் பெருக்கிக்கொண்டே இருப்பான். ஒருநாள் ராத்திரி விளையாட்டு என்று நினைத்து, பையன்கள் அவனை ஒரு பாலியல் தொழிலாளியிடம் தள்ளிவிடுகிறார்கள். அவன் மூக்கில் ரத்தத்தோடு திரும்புகிறான். சாம் கை ஓங்கவில்லை. என் கடை, ஓட்டல், தியேட்டர் எதிலும் இனி கால் வைக்காதீர்கள் என்கிறார், அவ்வளவுதான். சன்னியின் முகத்தைப் பாருங்கள். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவர் பிறகு மன்னிக்கவும் செய்கிறார்.

பையன்கள் ஜாலியாக மெக்சிகோ போய்த் திரும்பும்போது சாம் இறந்துபோயிருக்கிறார். அதற்குப் பிறகு யார் என்ன செய்தாலும் தட்டிக்கேட்க ஆளில்லை. ஒரே பெண்ணுக்காக நண்பன் நண்பனைப் பாட்டிலால் அடிக்கிறான். அந்தப் பெண் ஜேஸி, காதல்களைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றுகிறாள். படத்தில் எனக்கு உறுத்தும் இடமும் இதுதான். பையன்களின் தவறுகளுக்குப் பின்னால் இருக்கும் தனிமையைக் காட்டத் தெரிந்த இயக்குநர், ஜேஸியை வெறும் சூழ்ச்சிக்காரியாகவே விட்டுவிடுகிறார்.

கோச்சின் மனைவி ரூத்துடன் சன்னிக்கு ஏற்படும் உறவும் அப்படித்தான் நெருடும். நாற்பது வயதுப் பெண், பள்ளிப் பையன். ஆனால், பேச்சுத்துணை இல்லாத அந்த வீட்டை மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள். ஜேஸி கண் காட்டியதும், ஒரு வார்த்தை சொல்லாமல் ரூத்தை விட்டுப் போய்விடுகிறான் சன்னி.

தியேட்டர் மூடப்படுகிறது. டுவேன் கொரியப் போருக்குக் கிளம்புகிறான். அன்று காலை, தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த பில்லி லாரியில் அடிபட்டுச் சாகிறான். சுற்றி நிற்கும் பெரியவர்கள், நடுரோட்டில் இவன் ஏன் நின்றான் என்று பேசிக்கொள்கிறார்கள். பெருக்கிக்கொண்டிருந்தான் என்று கத்துகிறான் சன்னி. யாருக்கும் புரியவில்லை.

ரூத் வீட்டுக்குப் போகிறான். வேறு எங்கே போவான்? அவள் காபி ஊற்றப் போகிறாள், கை நடுங்குகிறது, கெட்டிலைச் சுவரில் விட்டெறிந்து மாதக்கணக்கில் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டித் தீர்க்கிறாள். ரூத்தாக நடித்த க்ளோரிஸ் லீச்மனுக்கும், சாமாக நடித்த பென் ஜான்சனுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. சன்னி பதில் பேசாமல் கையை மட்டும் நீட்டுகிறான்.

1990-ல் 'டெக்சாஸ்வில்' என்று இதற்கு ஒரு தொடர்ச்சி வந்தது, அதே இயக்குநர், கலரில். அதைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.