ஒரு தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்கள்

ராக்மனினாஃபின் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை ஒருவர் சொதப்பினால் ரசிகர்கள் என்ன சொல்வார்கள்? "பையனுக்கு இன்னும் கை பழகலை." அதே பையன் நிகோலாய் மெட்னரின் இரண்டாவது கன்செர்ட்டோவைச் சொதப்பினால்? "இதனாலதான் இதை யாரும் வாசிக்கிறதில்லை போல." முதல் வழக்கில் குற்றவாளி வாசித்தவர். இரண்டாவது வழக்கில் குற்றவாளி, 1951இல் லண்டனில் இறந்துபோன இசையமைப்பாளர். செத்தவர் வந்து வாதாடப் போவதில்லை என்பதால் தீர்ப்பு சுலபமாக முடிந்துவிடுகிறது.

மேற்கத்தியச் செவ்விசை கேட்பவர்களிடம் எனக்குள்ள பெரிய சண்டை இதுதான். அரிதாக வாசிக்கப்படும் கன்செர்ட்டோக்களைப் பற்றி அவர்கள் சொல்லும் அபிப்பிராயங்களில் பெரும்பகுதி, அந்தப் படைப்பைப் பற்றியதே அல்ல. ஏதோ ஓர் இரவில், யாரோ ஒருவர், குறைந்த ஒத்திகையில் வாசித்ததைப் பற்றியது. ஆனால் தண்டனை மட்டும் படைப்புக்கு.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு புரோகிராம் ஒரு கம்ப்யூட்டரில் ஒருமுறை விழுந்துவிட்டால், புரோகிராமே குப்பை என்று யாரும் கோப்பை மூட முடியாது. "இன்னொரு மெஷின்ல ஓட்டிப் பாத்தியா?" என்பதுதான் முதல் கேள்வி. ராக்மனினாஃபின் மூன்றாவதுக்கு நூற்றுக்கணக்கான பதிவுகள் உண்டு. பத்து பேர் வாசித்துக் கேட்டவருக்குப் படைப்பு எது, வாசிப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். அரிய கன்செர்ட்டோவுக்கு அந்த வசதி இல்லை. கையில் கிடைத்த ஒரே பதிவுதான் படைப்பு என்று காது நம்பிவிடுகிறது.

மெட்னரையே எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராக்மனினாஃப்தான், ஆனால் டியூன் இல்லாத ராக்மனினாஃப். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் இரண்டாவது கன்செர்ட்டோவில் டியூன்கள் இல்லாமல் இல்லை. அவை மேல் சுரத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. இடது கையின் நடுவிரலுக்குள், ஆர்கெஸ்ட்ராவின் உள்குரல்களுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மெலடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வாசிப்பவர் மேல் வரியை மட்டும் பளபளவென்று காட்டினால் டியூன் காணாமல்தான் போகும். 1947இல் மெட்னரே பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவுடன் வாசித்த பதிவு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நிகோலாய் டெமிடென்கோ வாசித்தது இருக்கிறது. அண்மையில் மார்க்-ஆந்த்ரே ஹமெலின் வாசித்தது, அதுவும் ராக்மனினாஃபின் மூன்றாவதுடன் ஒரே வட்டில், இருக்கிறது. மூன்றையும் கேட்டுவிட்டு "டியூன் இல்லை" என்று சொல்லுங்கள், மரியாதையோடு ஒத்துக்கொள்கிறேன். ஒன்றைப் பாதி கேட்டுவிட்டுச் சொல்லாதீர்கள்.

இதைவிடக் கொடுமை, கேட்டது அந்தப் படைப்பே இல்லை என்பது. சைக்கோவ்ஸ்கியின் முதல் கன்செர்ட்டோ எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது கன்செர்ட்டோ "கொஞ்சம் வீக்" என்று ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. அவர்கள் கேட்டது எது? சைக்கோவ்ஸ்கி இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1897இல், அவருடைய மாணவர் சிலோட்டி வெட்டி வெளியிட்ட பதிப்பு. இரண்டாம் பகுதியில் பியானோவோடு வயலினும் செல்லோவும் நின்று நிதானமாகப் பேசுகிற இடங்கள் பெருமளவு அதில் போய்விட்டன. இசையமைப்பாளர் உயிரோடு இருந்தபோதே அந்த வெட்டுகளுக்கு உடன்படவில்லை. எமில் கிலெல்ஸ் போன்ற மாபெரும் கலைஞரே சிலோட்டி பதிப்பைத்தான் பதிவு செய்தார். கைகால் வெட்டப்பட்டவனைப் பார்த்து "இவனுக்கு நடை சரியில்லை" என்று சொன்னது போலத்தான் அந்த விமர்சனம்.

இங்கே ஒரு பதில் வரும். "காலம் சலிச்சு எடுத்துடும் சார். நல்லது நிக்கும், மத்தது போயிடும்." காலம் என்பவர் யார்? அவர் எந்த அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்? இன்று எல்லோரும் கொண்டாடும் ராக்மனினாஃபின் மூன்றாவது 1909 நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. யாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டதோ, அந்த யோசப் ஹாஃப்மன் அதை மேடையில் வாசிக்கவே இல்லை. ஹொரோவிட்ஸ் என்ற ஒரு மனிதர் பிடிவாதமாக வாசித்து, 1930இல் பதிவும் செய்த பிறகுதான் அது ஓடத் தொடங்கியது. மெட்னர் தன் கன்செர்ட்டோக்களைப் பதிவு செய்ய முடிந்ததற்குக் காரணம் காலம் அல்ல, மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையாரின் பணம். பின்னாளில் சென்னை மாநில ஆளுநராகவும் இருந்த அதே உடையார்தான். மூன்றாவது கன்செர்ட்டோ அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டது. அவர் கை நீட்டாமல் இருந்திருந்தால் மெட்னர் தன் கன்செர்ட்டோக்களை எப்படி வாசித்தார் என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அதையும் "காலத்தின் தீர்ப்பு" என்றே சொல்லியிருப்போம்.

அபிப்பிராயம்தானே, சொல்லிட்டுப் போறாங்க, இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். ராக்மனினாஃபின் நான்காவது கன்செர்ட்டோ 1927இல் பிலடெல்பியாவில் அரங்கேறியபோது விமர்சகர்கள் கிழித்தார்கள். அவர் கத்தரிக்கோலை எடுத்தார். 1928இல் ஒருமுறை வெட்டினார், 1941இல் மறுபடியும் வெட்டினார். முதல் வடிவத்தைக் கேட்க உலகம் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் 1957இல் மைக்கேலாஞ்சலி அதே நான்காவதை, அந்தக் கடைசி வடிவத்தை, பதிவு செய்தார். சிதறிக்கிடப்பதாகச் சொல்லப்பட்ட இசை அவர் கையில் எஃகு போல நின்றது. சுரங்கள் மாறவில்லை, வாசித்த கை மாறியது. அப்படியானால் அதுவரை "பலவீனமான படைப்பு" என்று சொன்னவர்கள் எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

இந்தப் பக்கம் திட்டிவிட்டு அந்தப் பக்கத்தை விட்டுவிட முடியாது. சேகரிப்பாளர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. ஹைபீரியன் நிறுவனம் 1991இல் தொடங்கிய ரொமான்டிக் பியானோ கன்செர்ட்டோ வரிசை 80 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. அது மகத்தான பணி, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் வரும் ஒவ்வொன்றையும் "தொலைந்த பொக்கிஷம்" என்று கூவுகிறவர்கள், இசைக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு அதைக் குழியில் தள்ளுகிறார்கள். மாஷ்கோவ்ஸ்கியின் ஈ மேஜர் கன்செர்ட்டோ அழகானது, மனசை லேசாக்குவது. அது மெட்னரின் இரண்டாவது இல்லை. எல்லாம் பொக்கிஷம் என்றால் புதிதாகக் கேட்க வருகிறவன் எதையும் நம்பமாட்டான். இரண்டு ஏமாற்றத்துக்குப் பிறகு பழைய பத்து கன்செர்ட்டோக்களுக்கே திரும்பிவிடுவான்.

ரசிகர் வாயை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் கறாராகப் பேச வேண்டும் என்கிறேன். யார் வாசித்தது, எந்தப் பதிப்பு, வெட்டு உண்டா என்று முதலில் சொல்லுங்கள். எந்த இடத்தில் கவனம் நழுவியது, அது எழுதியவர் கையிலா வாசித்தவர் கையிலா என்று யோசித்துச் சொல்லுங்கள். தெரிந்த கன்செர்ட்டோவுக்குக் கொடுக்கும் சந்தேகத்தின் பலனை, தெரியாத கன்செர்ட்டோவுக்கும் கொடுங்கள். அப்புறம் "பிடிக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

ஓர் இளம் கலைஞர் மாதக்கணக்கில் உழைத்து நாற்பது நிமிட அரிய கன்செர்ட்டோ ஒன்றைக் கற்கிறார். அதை மறுபடி வாசிக்க யாராவது அழைப்பார்களா என்பது அவருக்கே தெரியாது. ராக்மனினாஃபைக் கற்றிருந்தால் வாழ்நாள் முழுக்க அது சோறு போட்டிருக்கும். அப்படிப்பட்டவரின் முதல் முயற்சியைக் கேட்டுவிட்டு "மறக்கப்பட்டது நியாயம்தான்" என்று ஒரு வரி போடுகிறவர், இரண்டாவது முயற்சி நடக்காமல் பார்த்துக்கொள்கிறார். பிறகு இருபது ஆண்டுகள் கழித்து அதே ஆள்தான் கேட்பார்: "ஏன் சார் எப்பப் பாத்தாலும் அதே பத்து கன்செர்ட்டோவையே வாசிக்கிறாங்க?"