கடல்பாசியில் பணம் போடப் போகும் மாப்பிள்ளைக்கும், மற்ற எல்லாருக்கும்



என் தங்கை மகன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். மண் வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் வேண்டாம், 45 நாளில் அறுவடை. "ஏனுங் மாமா, தறி வித்த காசு சும்மா கெடக்குது, ராமநாதபுரத்துல கடல்பாசில போட்டா என்னுங்?" என்று கேட்டான். குடும்பக் குழுவில் பத்துப் பேர் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள். முப்பது வருசம் தாவரவியல் நடத்தியவன் சும்மா இருக்க முடியுமா?

அந்த வீடியோ "விதை வேண்டாம்" என்பதையும் பெருமையாகச் சொல்கிறது. அங்கேதான் எனக்குக் கோபம்.

அந்தப் பாசியின் பெயர் கப்பாபைகஸ். கேரஜீனன் எடுக்கும் சிவப்புப் பாசி. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது. 1980களில் ஜப்பான் வழியாக குஜராத்துக்கு வந்து, 1990களின் நடுவில் மண்டபத்துக்கு வந்தது. பவநகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம்தான் கொண்டுவந்தது. 2000களில் பெப்சி கம்பெனி ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது இன்றும் "பெப்சி பாசி". மூங்கில் மிதவையில் 60 கிலோ துண்டுகளைக் கட்டிவிட்டால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் ஆகும். அதிலிருந்து ஒடித்து மறுபடி கட்டுவார்கள். அதிலிருந்து மறுபடி.

வகுப்பில் நான் கேட்ட கேள்விதான்: இதில் எத்தனை செடி இருக்கிறது? ஆயிரம் மிதவை இருந்தாலும் பாரம்பரியப்படி பார்த்தால் ஏறக்குறைய ஒரே செடி. ஆண் பெண் சேர்க்கை இல்லை, மரபணு கலப்பு இல்லை. உலகம் பூராவும் பண்ணையில் வளரும் இந்தப் பாசியின் மரபணுவைப் பார்த்தவர்களும், பெரும்பாலானது நெருங்கிய ஒரே வம்சம் என்றுதான் கண்டார்கள். ஒரு பூட்டுக்குச் சாவி கிடைத்தால் ஊரில் எல்லா வீடும் திறந்துகொள்ளும்.

திறக்கவும் செய்தது. 2012-13ல் தமிழ்நாட்டில் சுமார் 1,500 டன் உலர்பாசி எடுத்தார்கள். அடுத்து கடல்நீர் சூடேறியது, பாசி கூட்டங்கூட்டமாகச் செத்தது, விளைச்சல் படுத்துவிட்டது. அடிபட்டது முதலாளி இல்லை, மிதவை கட்டி வயிறு கழுவிய குழுப் பெண்கள். அந்த வீடியோவில் இது ஒரு வரி இல்லை.

"கரும்பும் கரணை வச்சுத்தானே வளர்க்கறோம்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கரணைக்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், 1912ல் ஆரம்பித்தது. நாட்டுக் கரும்பையும் காட்டில் கிடந்த நாணல் இனத்தையும் சேர்த்து கோ 205 உண்டாக்கினார்கள். பூவே பூக்காத கரும்பை வைத்துக்கொண்டு கலப்பு செய்ய முடியாது. இங்கே கரும்பு பூக்கும் என்பதால்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி இருந்தும் கோ 0238 என்ற ஒரே ரகத்தை உத்தரப் பிரதேசம் பூராவும் நட்டபோது செவ்வழுகல் நோய் வந்து புரட்டிப்போட்டது. நூறு வருச ஆராய்ச்சி உள்ள பயிருக்கே அந்த கதி. பாசிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சீனாவைப் பாருங்கள். அங்கே கெல்ப் என்ற பழுப்புப் பாசி ஜப்பானிலிருந்து 1927ல் போனது. அதுவும் வந்தேறிதான். ஆனால் ஒடித்து ஒடித்துக் கட்டவில்லை. வித்துகளை எடுத்து நாற்று வளர்த்து, 1950கள் தொட்டு ரகம் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயும் நெருங்கிய சொந்தத்திலேயே சேர்த்து ரகம் நலிந்த கதை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தலைமுறை மாறுகிறது, புதுக் கலப்புக்கு வாசல் திறந்திருக்கிறது.

இங்கே என்ன செய்கிறோம்? ராமநாதபுரம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடல்பாசிப் பூங்கா. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? திசு வளர்ப்பு நாற்று தருவோம் என்கிறார்கள். திசு வளர்ப்பு என்பது ஜெராக்ஸ் மெஷின். சுத்தமான நகல் தரும். புது ஆளைத் தராது. 2024ல் வெளிநாட்டுப் பாசியை உயிரோடு இறக்குமதி செய்ய வழிமுறையும் போட்டார்கள். களைத்த ஒரு நகலை எடுத்துவிட்டு அடுத்த நகலைக் கொண்டுவந்தால் எத்தனை வருசம் தாங்கும்? அதிலும் இதே பாசி குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் ஏறிப் படர்ந்ததை 2008லேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஒடிந்த துண்டு எங்கே போனாலும் பிழைக்கும். பண்ணைக்கு வரம், பவளத்துக்குச் சாபம்.

மானியத்தில் ஒரு பங்கையாவது மூங்கிலுக்குப் போடாமல் வித்துக்குப் போடுங்கள் என்பதுதான் என் வழக்கு. மன்னார் வளைகுடாவில் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் நம் கடலிலேயே வித்து விட்டு வளர்கின்றன. அதைச் சேகரித்து, கலந்து, சூடு தாங்கும் ரகம் பார்க்க ஆளும் காசும் கொடுக்கட்டும். நாற்று கேட்டு வரும் பெண்களிடம், "இது எந்தத் தாயிலிருந்து வந்தது" என்று எழுதிக் கொடுக்கட்டும்.

மாப்பிள்ளை, உனக்குத் தனியாக ஒன்று. அந்த வீடியோக்காரருக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேள்: "தண்ணி சூடேறிப் பாசி செத்தா, புது நாத்து எங்கிருந்து வரும்?" பதிலை எனக்கு அனுப்பு. அதுவரைக்கும் தறி வித்த காசு பேங்கிலேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, அத்தை ஒப்புட்டு சுடறாளாம்.